கார்ஸ்ட் பாடமும் எங்கள் ஊர்க் காளவாயும்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில், புவியின் புறச் செயல்முறைகளைப் பற்றிப் படிக்கும்போது சுண்ணாம்புப் பாறை நிலத்தோற்றங்கள் என்றொரு பகுதி வரும். உறிஞ்சு துளை, டோலின், குகை, கல்விழுது, கல்முளை என்று வரிசையாகச் சொற்கள். நானும் பல ஆண்டுகளாக அதை நடத்தி வருகிறேன். கரும்பலகையில் ஒரு குகையை வரைவேன். மேலிருந்து விழுவது விழுது, கீழிருந்து முளைப்பது முளை என்பேன். மாணவர்கள் அதை மறப்பதே இல்லை. தேர்விலும் சரியாக எழுதிவிடுவார்கள். பாடம் நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பள்ளி சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு குன்றுகூடக் கிடையாது. மணலும் வண்டலும் உப்பங்கழியும்தான். குகையைச் சினிமாவில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பருவத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கார்ஸ்ட் நிலத்தோற்றங்களைப் பற்றி முழு மதிப்பெண் பெறும்படி எழுதியிருந்தாள். படமும் அழகாக இருந்தது. அதே வாரம், உள்ளூர் மரபு குறித்த செயல்திட்டத்துக்காக ‘எங்கள் ஊரின் சிறப்பு’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: ‘எங்கள் ஊரில் சிறப்பு எதுவும் இல்லை.’

கூப்பிட்டு விசாரித்தேன். முதலில் பேசவில்லை. பக்கத்தில் நின்ற தோழிதான், “டீச்சர், அவங்க ஆயா சுண்ணாம்புக் காளவாய் வச்சிருக்காங்க. அத எழுதுடின்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா” என்றாள். அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் காளவாயை நான் அறியாதவள் அல்ல. பேருந்தை விட்டு இறங்கி, தினமும் அந்தப் புகையைத் தாண்டித்தான் பள்ளிக்கு நடந்து வருகிறேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவேன். ஐரோப்பாவில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நான், பள்ளிக்கு நூறு அடி தூரத்தில் சுண்ணாம்பு தயாராவதை வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் எழுதிய அந்த ஒரு வரிக்கு என் பாடமும் ஒரு காரணம் என்று அன்று தோன்றியது.

அதன் பிறகு இந்தப் பாடத்தை நான் மாற்றி நடத்துகிறேன். அந்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கார்ஸ்ட் என்பது ஒரு வட்டாரத்தின் பெயர்

கார்ஸ்ட் என்பது முதலில் அறிவியல் கலைச்சொல் அல்ல. அது ஓர் இடத்தின் பெயர். ஸ்லோவேனியாவின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய இத்தாலியப் பகுதியிலும் உள்ள ஒரு சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தை அந்த ஊர்க்காரர்கள் ‘க்ராஸ்’ என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அது ‘கார்ஸ்ட்’ ஆயிற்று. ஜோவான் ஸ்விஜிச் என்ற செர்பியப் புவியியலாளர் 1893இல் இவ்வகை நிலங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய நூலுக்குப் பிறகு, உலகில் எங்கே இத்தகைய நிலம் இருந்தாலும் அதற்குக் கார்ஸ்ட் என்றே பெயர் நிலைத்தது.

நம் பாடப்புத்தகத்தில் வரும் டோலின், போல்ஜே ஆகியவையும் அந்தப் பகுதி உழவர்களின் பேச்சு வழக்கிலிருந்து வந்த சொற்கள்தாம். ‘டோலினா’ என்றால் பள்ளத்தாக்கு. ‘போல்ஜே’ என்றால் வயல்வெளி. இதை வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவன், “அப்ப நாம திட்டு, படுகைன்னு சொல்றதும் பாடத்துல வருமா டீச்சர்?” என்று கேட்டான். அந்தக் கேள்வியையே அன்றைய வீட்டுப்பாடமாக்கினேன். மறுநாள் திட்டு, படுகை, உப்பனாறு, முகத்துவாரம், கழி, ஓடை, மேடு, களர் என்று ஒரு பக்கம் நிறையச் சொற்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிலத்தோற்றத்தின் பெயர்.

அந்தக் கார்ஸ்ட் ஊர்கள் எப்படி இருக்கும் என்று அடுத்ததாகப் பேசினோம். அங்கே மழை நன்றாகவே பெய்கிறது. ஆனால் நீர் தரையில் நிற்பதில்லை. பாறையின் வெடிப்புகள் வழியே உள்ளே போய்விடும். ஆறே மறைந்துபோவதும் உண்டு. ‘ரேகா’ என்ற ஆறு ஸ்கோசியான் குகைகளுக்குள் புகுந்து, நிலத்தடியில் சுமார் 40 கிலோமீட்டர் ஓடி, இத்தாலியக் கடற்கரைக்கு அருகில் வேறு பெயரோடு வெளியே வருகிறது. அந்த மொழியில் ‘ரேகா’ என்றாலே ஆறு என்றுதான் பொருள். அந்தக் குகைகள் 1986இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின.

மேலே ஆறில்லாத மக்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? ஷ்டான்யெல் போன்ற பழைய ஊர்களில் கூரையில் விழும் மழைநீரைக் கல் தூம்பு வழியாக முற்றத்தில் உள்ள தொட்டியில் சேர்த்தார்கள். சுவர் கல், கூரை பலகைக்கல். வயலில் கிடந்த கற்களைப் பொறுக்கி, சாந்து பூசாமல் அடுக்கியே வேலி கட்டினார்கள். அந்தச் சாந்தில்லாக் கற்சுவர்க் கலை, ஸ்லோவேனியா உட்படப் பல நாடுகளின் பொதுமரபாக 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதாவது, வயலில் இடைஞ்சலாகக் கிடந்த கல்லை எடுத்து அடுக்கிய உழவர்களின் கைவேலையை உலகம் மரபு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்தி, வகுப்பைப் பார்த்துக் கேட்டேன்: “அப்படியானால் நம் ஊரில் எது மரபு?”

எங்களிடம் கல் இல்லை, கிளிஞ்சல் இருக்கிறது

சிதம்பரத்தைச் சுற்றியுள்ள நிலம் கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல். எவ்வளவு தோண்டினாலும் கிணற்றில் கருங்கல் தட்டுப்படாது. சிதம்பரம் நடராசர் கோயிலின் நான்கு கோபுரங்களையும் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருக்கிறார்கள். அடிப்பகுதி கருங்கல். அந்தக் கல் வெளியிலிருந்து வந்தது. அதற்கு மேலே எழும் ஏழு நிலைகளும் செங்கல். செங்கல்லை இணைத்ததும், மேலே நிற்கும் சுதைச் சிற்பங்களை உருவாக்கியதும் சுண்ணாம்பு. சிமெண்டு வருவதற்கு முன்னால் இந்த வண்டல் நாட்டில் வீடு, கோயில், மசூதி, கோட்டை எல்லாவற்றையும் தாங்கி நின்றது செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆங்கிலேயர் 1690இல் மராத்தியரிடம் விலைக்கு வாங்கி, 1758இல் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்த தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையின் கதையைச் சொல்லும்போதும், கோட்டைச் சுவர் எதனால் ஆனது என்று இப்போது சேர்த்தே கேட்கிறேன்.

சுண்ணாம்புக்கல் இல்லாத கடலோரத்தில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கிளிஞ்சலிலிருந்து. முகத்துவாரத்துச் சேற்றில் வாழும் மட்டிகள் நீரில் கரைந்துள்ள கால்சியத்தை எடுத்துத் தம் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. அந்த ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஸ்லோவேனியாவின் பாறையும் அதே கால்சியம் கார்பனேட்தான். அதுவும் பழங்காலக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உருவானதே. அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்தது, இங்கே போன மாதம் செத்த மட்டி. அவ்வளவுதான் வேறுபாடு.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நமக்கு மேற்கே அரியலூர்ப் பகுதி சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அந்தக் கடலின் படிவுகள்தாம் இன்று சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல். அங்கே சிப்பிகளும் சுருள் ஓடுகளும் கல்லாகிக் கிடைக்கின்றன. நம் மாவட்டத்தில் விருத்தாசலத்தை ஒட்டியும் அக்காலப் படிவுகள் தரையில் தெரிகின்றன. அரியலூருக்கு உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போன ஒரு மாணவன் கையளவு கல் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் சிப்பியின் வரிகள் அப்படியே இருந்தன. அதைக் காளவாய்க் கிளிஞ்சலின் பக்கத்தில் வைத்தபோது நான் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆயா வகுப்புக்கு வந்த நாள்

மாணவியின் ஆயாவை அழைக்க நானே காளவாய்க்குப் போனேன். “எங்க தொழில இஸ்கூல்ல எதுக்கு டீச்சரம்மா? புள்ளைங்க சிரிக்கும்” என்றார். மாணவியின் அம்மாவுக்கும் விருப்பமில்லை. ‘பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேசாதே’ என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்ததே அவர்தான் என்று அன்றுதான் தெரிந்தது. நான் வற்புறுத்தவில்லை. “நீங்கள் வர வேண்டாம், பிள்ளைகளை அழைத்து வருகிறேன், தூரத்தில் நின்று பார்க்கிறோம்” என்றேன். அதற்கு இசைந்தார்கள்.

தலைமையாசிரியரின் அனுமதியோடும் பெற்றோர் ஒப்புதலோடும் முப்பது பேரை அழைத்துச் சென்றோம். அறிவியல் ஆசிரியரும் உடன் வந்தார். ஆயா முதலில் கூச்சப்பட்டார். பிறகு வேலையில் இறங்கியதும் எங்களை மறந்துவிட்டார். கிளிஞ்சலைச் சேறு போகக் கழுவுவது, கரியையும் கிளிஞ்சலையும் அடுக்கடுக்காகப் போடுவது, அடியில் காற்று விடுவது, தீ மேலே ஏறி வரும்வரை பொறுத்திருப்பது என ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். “முன்ன தோல் துருத்தி மிதிப்போம். இப்ப மோட்டாரு ஊதுது.”

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று ஒரு பையன் கேட்டான். ஆறிய கிளிஞ்சல் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். “மாவா வந்தா வெந்துச்சு. கீறல் மட்டும் விழுந்தா இன்னும் பச்ச.” வெப்பமானி எதுவும் அங்கே இல்லை. கால்சியம் கார்பனேட் பிரிந்து கால்சியம் ஆக்சைடாக மாறச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை என்று அறிவியல் ஆசிரியர் சொன்னார். அந்த அளவை ஆயா நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கண்டுகொள்கிறார்.

அடுத்து, வெந்த கிளிஞ்சல்மேல் தண்ணீர் தெளித்தார். சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. கிளிஞ்சல்கள் வெடித்து, சற்று நேரத்தில் வெள்ளை மாவாக உதிர்ந்தன. “தீயே இல்லையே, எப்படி ஆயா கொதிக்குது?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஆயா யோசிக்கவே இல்லை. “சூளையில வாங்குன சூட்ட இப்ப வெளிய விடுது கண்ணு.” அறிவியல் ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வெப்பம் கொள் வினை, வெப்ப உமிழ் வினை என்று பத்தாம் வகுப்பில் அவர் பட்டியல் போட்டு நடத்துவதை ஆயா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கடைசியாக ஒரு மாணவன், ஒரு மூட்டைக்கு எவ்வளவு கரி பிடிக்கும் என்று கேட்டான். ஆயா கணக்குச் சொல்லத் தடுமாறினார். அதுவரை எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்த அந்த மாணவி முன்னால் வந்து கிளிஞ்சல் எத்தனை கூடை, கரி எத்தனை கூடை, காய்ந்த நாளில் எவ்வளவு, மழைநாளில் எவ்வளவு என்று விரல் விட்டுச் சொன்னாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. விகிதக் கணக்கில் அவள் தயங்கியதாகக் கணித ஆசிரியர் ஒருமுறை சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

சோதனைக் குழாயில் ஒரு குகை

அன்று நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் வாங்கி வந்தோம். கார்ஸ்ட் பாடத்தின் மையப் பகுதியை அதைக் கொண்டே நடத்த முடிந்தது. எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடியது என்பதால் படிப்படியாகத் தருகிறேன்.

1. கிளிஞ்சல், செங்கல் துண்டு, ஊரில் கிடைக்கும் வேறு கல் ஆகியவற்றின் மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடவும். கார்பனேட் உள்ளதில் மட்டும் நுரை வரும். அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது.

2. ஒரு தேக்கரண்டி நீற்றுச் சுண்ணாம்பை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, இரவு முழுவதும் மூடி வைக்கவும். மேலே தெளிந்து நிற்பதே சுண்ணாம்பு நீர். அதை வடிகட்டி எடுத்துக்கொள்ளவும்.

3. சிறிதளவு சுண்ணாம்பு நீரில் உறிஞ்சு குழல் வழியே ஊதினால் பால்போல் மாறும். நம் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் உண்டாகிவிட்டது. கிளிஞ்சலாக இருந்தது சூளையில் இழந்த வாயுவைத் திரும்பப் பெற்று மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகிறது. சுவரில் பூசிய சுண்ணாம்பு நாளடைவில் இறுகிக் கல்லாவதும் இதே வினைதான்.

4. பெரும்பாலான வகுப்புகளில் இந்தச் சோதனையைப் பால் நிறத்தோடு நிறுத்திவிடுவோம். நிறுத்தாமல் தொடரவும். சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் கலந்த பாட்டிலிலிருந்து குழாய் மூலம் வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் வெண்மை மெல்ல மறைந்து நீர் தெளியும். கரையாத கார்பனேட், கரையும் பைகார்பனேட்டாக மாறிவிட்டது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு பாறையைக் கரைப்பது இப்படித்தான். உறிஞ்சு துளையும் குகையும் உருவாகும் விதம் இதுவே.

5. தெளிந்த நீரைச் சூடாக்கினால் மீண்டும் கலங்கும். வாயு வெளியேற, கார்பனேட் திரும்ப வந்துவிட்டது. குகையில் யாரும் சூடாக்குவதில்லை. கூரையிலிருந்து சொட்டும் நீர் குகைக் காற்றில் தன் வாயுவை இழந்து, ஒவ்வொரு சொட்டுக்கும் துளி கார்பனேட்டை விட்டுச் செல்கிறது. அது சேர்ந்து சேர்ந்து கல்விழுதும் கல்முளையும் ஆகிறது.

முதல் நாள் எங்களுக்கு நான்காம் படி சரியாக வரவில்லை. எவ்வளவு வாயு செலுத்தியும் நீர் முழுவதும் தெளியவில்லை. சுண்ணாம்பு நீர் அதிகச் செறிவாக இருந்ததே காரணம். மறுநாள் அதே அளவு நல்ல நீரைக் கலந்து செய்தபோது சில நிமிடங்களில் தெளிந்தது. சோதனை தோற்ற நாளில்தான் பிள்ளைகள் அதிகக் கேள்வி கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எந்த ஊருக்கும் பொருந்தும் நான்கு கேள்விகள்

இந்த அனுபவத்திலிருந்து நான்கு கேள்விகளை வகுத்துக்கொண்டேன். கார்ஸ்ட் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இரண்டு பத்திகளாகக் கோடு போட்டு, பிள்ளைகளே நிரப்புகிறார்கள்.

முதல் கேள்வி: காலடியில் என்ன இருக்கிறது? அங்கே சுண்ணாம்புப் பாறை. இங்கே மணலும் வண்டலும்.

இரண்டாவது: மழைநீர் எங்கே போகிறது? அங்கே பாறைக்குள். இங்கே குளம், வாய்க்கால், கழி வழியாகக் கடலுக்கு. கடலோர மணலில் நல்ல தண்ணீர் மேலாகவும் உப்புநீர் கீழாகவும் இருக்கும். அதனால்தான் எங்கள் ஊரின் பழைய கிணறுகள் ஆழமற்றவை. ஆழ்துளை போட்ட வீட்டில் உப்புநீர் வந்ததைப் பிள்ளைகளே சொன்னார்கள். ஊரில் எது மேடு என்ற கேள்விக்கு, 2004 சுனாமியின்போது எந்த இடத்தை நோக்கி ஓடினோம் என்று பெரியவர்கள் காட்டிய இடமே விடையாயிற்று.

மூன்றாவது: எதைக் கொண்டு கட்டினார்கள்? அங்கே கல். இங்கே செங்கல், சுண்ணாம்பு, பனஞ்சட்டம், கீற்று.

நான்காவது: இந்த வேலை இன்று யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்விக்குத்தான் பெயர் சொல்லி விடை எழுத வேண்டும். எங்கள் ஊர்ப் பத்தியில் பிள்ளைகள் ஆயாவின் பெயரை எழுதினார்கள். அதற்குக் கீழே எழுத வேறு பெயர் கிடைக்கவில்லை.

மற்ற பகுதிப் பள்ளிகளுக்கு

கடலூர் மாவட்டம் ஒரே மாதிரியான நிலம் அல்ல. கடலூர் நகரை ஒட்டிய கேப்பர் மலைப் பகுதியில் செந்நிற மணற்கல்லைக் காணலாம். புவியியலில் இந்தப் படிவுக்குக் ‘கடலூர் மணற்கல்’ என்றே பெயர். நம் மாவட்டத் தலைநகரின் பெயர் ஒரு பாறைக்குச் சூட்டப்பட்டிருப்பது பல ஆசிரியர்களுக்கே புதிய செய்தியாக இருக்கக்கூடும். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உள்ள கல்மரங்கள் இந்தப் படிவில் கிடைப்பவைதாம். அந்த மணற்கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்காது. அது கரைந்து குகையாவதில்லை. மழையில் அரிக்கப்பட்டு ஓடையாகிறது. கரையும் பாறைக்கும் அரிக்கப்படும் பாறைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு சோதனையே விளக்கிவிடும்.

நெய்வேலிப் பகுதிப் பள்ளிகளுக்கு முதல் கேள்வியே பெரிய பாடம். அங்கே காலடியில் பழுப்பு நிலக்கரி. அதற்கும் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில், காட்டுமன்னார்கோயில் பக்கம் சோழர் காலத்து வீராணம் ஏரி என்று ஒவ்வோர் ஊரிலும் நிலத்துக்கும் தொழிலுக்கும் உள்ள உறவு தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது.

தொடக்க வகுப்புகளில் வேதிவினைகளைச் சொல்ல வேண்டியதில்லை. ‘என் வீட்டுச் சுவர் எதனால் ஆனது, தாத்தா வீட்டுச் சுவர் எதனால் ஆனது’ என்று கேட்டு வரச் சொன்னாலே போதும். எலுமிச்சைச் சாற்றில் கிளிஞ்சல் நுரைப்பதை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டிப் பார்க்கிறார்கள். ஊரின் நிலப்பெயர்களைத் தொகுப்பது தமிழ்ப் பாடத்துக்கும் பயன்படும்.

கவனிக்க வேண்டியவை

நீற்றாத சுட்ட சுண்ணாம்பை மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. தோலையும் கண்ணையும் கடுமையாகப் பாதிக்கும். காளவாயில் நீற்றும்போது காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம், தூரத்தில் நிறுத்தவும். சுண்ணாம்பு நீரில் ஊதச் சொல்லும்போது உறிஞ்சிவிடக் கூடாது என்பதை முதலில் ஊதிப் பழகிய பிறகே அனுமதிக்கவும். அமிலச் சோதனையைக் கோயில், கோட்டை போன்ற பழைய கட்டடங்களின்மேல் ஒருபோதும் செய்யக் கூடாது.

இன்னொன்று, இது என் தயக்கமும்கூட. ஒரு குடும்பத்தின் தொழிலை வகுப்புக்குள் கொண்டுவரும்போது அந்தப் பிள்ளையை மற்றவர்கள் பார்க்கும் பார்வை மாறும். அது நல்லபடி மாறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முதலில் குடும்பத்திடம் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்த மாணவி காளவாய் எரிக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஆயாவின் கைகளிலுள்ள தழும்புகளையும் அவர் இருமலையும் பார்த்தவர் யாரும் அப்படி விரும்பமாட்டார்கள். அவள் படித்து, விரும்பிய வேலைக்குப் போகட்டும். ஆனால் தன் வீட்டில் இருக்கும் அறிவை மறைத்து வைத்துவிட்டுப் போக வேண்டிய நிலை அவளுக்கு வரக் கூடாது. அதைத் தடுப்பது நம் வகுப்பறையில் முடியும்.

சிமெண்டும் பெயிண்டும் வந்த பிறகு காளவாய்க்குப் பெரிய வேலை இல்லை. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கச் சுண்ணாம்பு கேட்டு எப்போதாவது ஆள் வருவதாகவும், முன்போல் கிளிஞ்சல் கிடைப்பதில்லை என்றும் ஆயா சொன்னார். “எனக்கப்பறம் இத எரிக்க ஆளில்ல டீச்சரம்மா” என்று அவர் சொன்னதைப் பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். கழுவுவது முதல் சலிப்பது வரை ஒவ்வொரு படியையும் படம் வரைந்து, ஆயா சொன்ன சொற்களிலேயே எழுதி, நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தயாரித்தோம். அது பள்ளி நூலகத்தில் இருக்கிறது. கணக்கு விகிதங்கள் உள்ள பக்கங்களை எழுதியவள் அந்த மாணவிதான்.

ஆண்டு இறுதியில் அதே தலைப்பை மறுபடியும் கொடுத்தேன். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதில் எழுத்துப்பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை. முதல் வரி: ‘எங்கள் ஊரில் கல் கிடையாது, அதனால் நாங்களே செய்துகொண்டோம்.’

இந்தக் கல்வியாண்டில் கார்ஸ்ட் பாடத்தைத் தொடங்கும் முன், உங்கள் பள்ளிக்கு அரை மணி நேர நடைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். செங்கல் சூளையோ, உப்பளமோ, பழைய கிணறோ, ஏரி மதகோ ஏதாவது ஒன்று இருக்கும். நான்கு கேள்விகளையும் அங்கே கேட்டுப் பார்த்து, கிடைத்த விடைகளை எழுதி வையுங்கள்.